உஷார்! மாட்டுத் தொட்டியை எட்டிப் பாருங்கள்

முதல் மழை பெய்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று மாட்டை அவிழ்த்துவிடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நொய்யல் கரையில் இருக்கிறவர்களுக்கு இதை வருஷா வருஷம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடை முழுக்க ஓடையிலும் பள்ளத்திலும் தேங்கிக் கிடந்த சாக்கடையையும் குப்பையையும் முதல் வெள்ளம்தான் வாரிக்கொண்டு வருகிறது. மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தடுப்பணையில் தண்ணீர் விழுகிற இடத்தில் வெள்ளை நுரை மலைபோல் பொங்கி, காற்றில் பிய்ந்து ரோடு வரை பறக்கும். அது சாயக்கழிவா, ஊர்ச் சாக்கடையில் வந்த சோப்பா என்று அதிகாரிகள் ஒரு பக்கம் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். அந்த முடிவு வரும்வரை மாட்டின் தாகம் காத்திருக்காது. நுரையைப் பார்த்தால் கயிற்றை விடாதீர்கள். மாட்டை ஆற்றில் குளிப்பாட்டவும் வேண்டாம். அந்த நுரையில் சிறுவர்கள் இறங்கி விளையாடவும் வேண்டாம்.

ஆற்றையாவது கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் கட்டுத்தரையில் இருக்கிற சிமெண்ட் தொட்டியைப் பற்றித்தான்.

நமக்கென்று நல்ல தண்ணீரை எப்படியோ தேடிக்கொண்டோம். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருவதைப் பிடித்து வைக்கிறோம். அது வராத நாளில் கேன் வாங்குகிறோம். கொஞ்சம் வசதி வந்ததும் சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. மெஷின் மாட்டுகிறோம். போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்று ஆனதும் அதை அப்படியே தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். கேட்டால், "மாட்டுக்குத்தானே!" என்கிறோம். நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதை, வாய் திறந்து சொல்ல முடியாத உயிருக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். நாலு கறவை, ரெண்டு கன்று. தொட்டியின் விளிம்பு முழுக்க உப்புப் பூத்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. சினைமாடு ஒன்று வந்து மூக்கைத் தண்ணீரில் வைத்தது. உடனே எடுத்தது. நாக்கால் மூக்கைத் துழாவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி வைத்தது. தாகம் இருக்கிறது, குடிக்க மனம் வரவில்லை. பின்னங்கால் இரண்டிலும் கழிச்சல் வழிந்து காய்ந்திருந்தது. "ரெண்டு மாசமா இப்படித்தானுங்க. பூச்சி மருந்து குடுத்தோம், தீவனத்த மாத்துனோம், ஒண்ணுக்கும் கேக்கலீங்க" என்றார் அந்த வீட்டு அக்கா. சமையலறைச் சுவரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தொட்டி வரைக்கும் வந்திருந்தது. "இது என்னங்கக்கா?" என்று கேட்டேன். "ஆர்.ஓ. மெசினு கழிச்சு விடற தண்ணிங்க. வீணாப் போறதுக்கு மாடாச்சும் குடிக்கட்டும்னு விட்டிருக்கறமுங்க."

தண்ணீரின் அருமை தெரிந்த மனசு அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை. தண்ணீரை இரண்டாகப் பிரித்து, நல்லதை நமக்குத் தந்துவிட்டு, உப்பு முழுவதையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே தள்ளுகிறது. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்பு கரைந்த போர்த் தண்ணீரில் பாதியை நல்ல தண்ணீராக எடுத்தால், மீதிப் பாதியில் உப்பு 6,000-ஐ நெருங்கிவிடும். மனிதர் குடிக்கிற தண்ணீரில் கரைந்த உப்பு 500-க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. மாடு 3,000 வரை பெரும்பாலும் சமாளித்துவிடும். 5,000-ஐத் தாண்டினால் சினைமாட்டுக்கும் கறவைக்கும் அந்தத் தண்ணீரை வைக்கக் கூடாது. 10,000-ஐத் தாண்டியதை எந்தக் கால்நடைக்கும் வைக்கக் கூடாது. கோழி இன்னும் தாங்காது; மாடு சமாளிக்கிற தண்ணீரிலேயே அதன் எச்சம் நீர்த்துப்போகும்.

அந்த மாடு எவ்வளவு குடிக்கிறது என்று யோசித்ததுண்டா? நாம் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் குடித்தால் அதிகம். நல்ல கறவை வெயில் காலத்தில் 80 லிட்டர்கூடக் குடிக்கும். உடல் எடைக்கு எடை கணக்குப் போட்டாலும் நம்மைவிட மூன்று, நான்கு மடங்கு தண்ணீர் அதன் உடம்புக்குள் போகிறது. அதனால்தான் ஒரு ஊரின் தண்ணீர் கெட்டால், ஆஸ்பத்திரியில் தெரிவதற்கு முன்னால் கட்டுத்தரையில் தெரிகிறது. பால் குறையும். சினை நிற்காது. கன்று வீசும். இதையெல்லாம் காற்று சேட்டை, கண் திருஷ்டி, தீவனக் கோளாறு என்று தள்ளிவிட்டால், வந்த எச்சரிக்கையைத் தூக்கி எறிந்ததாகத்தான் அர்த்தம்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நொய்யல் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டினார்கள். கீழே ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குப் பாசனம் தர வேண்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தேக்கமாக மாறிவிட்டது. வயலுக்குத் திறந்தால் பயிர் கருகும், திறக்காவிட்டால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் கெடும். தங்கள் அணையைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை வரும்வரை எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. அதற்குப் பிறகு கழிவைச் சுத்தம் செய்து, உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் மாறியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் இறங்கிய உப்பு எங்கும் போய்விடவில்லை. பாறை இடுக்குகளில், ஆழ்குழாய்க் கிணறுகளில், மண்ணுக்குள் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நடக்கும் பட்டறைகளுக்குக் கரண்டைத் துண்டித்தார்கள் என்ற செய்தியும் இன்றுவரை நின்றபாடில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஒட்ட வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். ஒன்று சமையல் உப்பு, அல்லது சோடியம் சல்பேட். சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. போட்டதெல்லாம் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். இந்த சோடியம் சல்பேட்டைக் கால்நடை மருத்துவர்கள் பேதி மருந்தாகவே கொடுத்ததுண்டு. அதைத் தினமும் தொட்டித் தண்ணீரில் குடித்தால் மாட்டுக்குக் கழிச்சல் நிற்குமா? அந்த அக்கா பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். பூச்சி இருந்தால்தானே கேட்கும்!

கழிச்சலோடு போனால் பரவாயில்லை. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் சல்பேட்டை அழுகின முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. மாடு ஏப்பம் விடும்போது அந்த வாயு மூச்சோடு நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, மூளையைத் தாக்கும். மாடு திடீரென்று கண் தெரியாமல் தடுமாறும். சுவரில் தலையை முட்டி அழுத்திக்கொண்டு நிற்கும். இன்னொரு பக்கம், தீவனத்தில் இருக்கிற தாமிரச் சத்தை உடம்பில் சேரவிடாமல் சல்பைடு கட்டிப்போட்டுவிடும். ரோமம் வெளுக்கும், பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை பிடிக்காது. எத்தனை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டை அடிமாட்டுக்கு விற்கும் முன், தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

உப்பாவது நாக்குக்குத் தெரியும். நைட்ரேட் தெரியவே தெரியாது. நிறமில்லை, வாசமில்லை, ருசியில்லை. வீட்டுக் கழிப்பறைத் தொட்டி, சாணக்குழி, வயலில் கொட்டும் யூரியா எல்லாவற்றிலிருந்தும் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் கூடாது. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டிவிட்டது. மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் ஏறினால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும். மூச்சு இரைக்கும், வாய்க்குள் நீலம் பாரிக்கும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், சில மணி நேரத்தில் மாடு விழுந்துவிடும். மழையில்லாமல் வாடின சோளத்தட்டிலும் நைட்ரேட் ஏறி இருக்கும். வாடின தட்டையும் கெட்ட தண்ணீரும் ஒரே நாளில் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

இதே விஷம் இதே வழியில் தாக்குவது ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தையை. புட்டிப்பால் கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கிறோம். குழந்தைக்குத்தானே என்று நன்றாகக் கொதிக்கவும் வைக்கிறோம். கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். உதடும் நகமும் நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்தோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தாய்ப்பால் இருக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு வேறு தண்ணீரே தேவையில்லை.

மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே தண்ணீரில் வருகிற இன்னொன்று எலிக்காய்ச்சல். பெயர்தான் எலி. மாடு, நாய், பன்றி எல்லாவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி இறங்கும். மழைத் தண்ணீர் தேங்கிய கட்டுத்தரையில், வயலில், சாக்கடை கலந்த வாய்க்காலில் வெறுங்காலோடு நின்றால் பாத வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். மாட்டுக்குப் பால் சட்டென்று வற்றும், சினை கலையும். மனிதருக்குக் காய்ச்சல், கண்சிவப்பு, கெண்டைக்கால் தொட்டால் வலி, அப்புறம் மஞ்சள்காமாலை, சிறுநீரகக் கோளாறு. ஒரே வாரத்தில் கட்டுத்தரையில் இரண்டு மாடு கன்று வீசி, பால் கறப்பவருக்கும் காய்ச்சல் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். கீழாநெல்லி குடித்துவிட்டுப் படுத்திருக்கும் நேரம் இல்லை அது. சாக்கடை கலந்த குடிநீரில் வரும் மஞ்சள்காமாலையில் ஒரு வகை, நிறைமாதக் கர்ப்பிணிகளின் உயிரையே எடுத்துவிடும். டைபாய்டும் காலராவும் வருவதும் இதே தண்ணீரில்தான். பால் கேனைக் கழுவுகிற தண்ணீர் கெட்டிருந்தால், சுத்தமான மடியிலிருந்து கறந்த பாலும் நோயைச் சுமந்துகொண்டு அடுத்த ஊர் வரை போகும்.

குட்டையும் பண்ணைக்குட்டையும் வைத்திருப்பவர்கள் கோடையில் காற்று ஒதுக்கும் ஓரத்தைப் பாருங்கள். பச்சைப் பெயிண்ட் ஊற்றிய மாதிரி ஏடு படிந்திருந்தால் அது வெறும் பாசி என்று நினைக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசியில் சில வகை ஈரலையும் நரம்பையும் தாக்கும் விஷத்தைச் சுரக்கும். குடித்த ஆடு, நாய் சில மணி நேரத்தில் சாகும். 2020-ல் போட்ஸ்வானாவில் 300-க்கும் மேற்பட்ட யானைகள் செத்து விழுந்ததற்குக் குளங்களின் இந்தப் பாசி விஷம்தான் காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்த விஷம் கலந்த தண்ணீரில் டயாலிசிஸ் செய்யப்பட்ட சிறுநீரக நோயாளிகள் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொதிக்கவைத்தாலும் இந்த விஷம் போகாது.

மிருகங்கள் தந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டாவைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1950-களின் தொடக்கத்தில் அந்தக் கடலோர ஊரில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று சுழன்று செத்தன. காகங்கள் பறக்கும்போதே விழுந்தன. 1956-ல்தான் மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட பாதரசம் மீனில் ஏறி, மீனைத் தின்ற பூனைக்கும் மனிதருக்கும் வந்தது. 1959-ல் ஆலை மருத்துவமனையின் டாக்டரே, அந்தக் கழிவைத் தீவனத்தில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. அந்த உண்மையை வெளியே விடவில்லை. 1968 வரை கழிவு ஓடிக்கொண்டே இருந்தது. தாயின் வயிற்றிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் அந்த ஊரில் வளர்ந்து முதியவர்களாகிவிட்டார்கள்.

இப்போது நம் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டருக்கு வருகிறேன். பேனா மாதிரி ஒரு கருவி, தண்ணீரில் விட்டால் எண் காட்டும். 150 காட்டியது, அருமையான தண்ணீர் என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போவார். அது கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். டைபாய்டு கிருமியைக் காட்டாது. ஈயம், குரோமியம், பூச்சிமருந்து எதையும் காட்டாது. கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீரில் இவை அத்தனையும் இருக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி போகும், உப்பும் உலோகமும் போகாது. குளோரின் போட்டாலும் அப்படித்தான். எதற்கு எது என்று தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

தெரிந்துகொள்ள ஒரே வழி சோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் யார் கொண்டுபோனாலும் பார்த்துத் தருவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடையில் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று. மோட்டாரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு சுத்தமான கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, முழுக்க நிரப்பி மூடுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். மாட்டுக்கு என்றால் சல்பேட், நைட்ரேட் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சல்பேட் லிட்டருக்கு 1,000-ஐ நெருங்கினால் அந்தத் தண்ணீரைத் தனியாகக் கொடுக்காதீர்கள். கன்றுக்கு அதில் பாதியே அதிகம்.

ஆர்.ஓ. கழிவுக் குழாயை இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். கழிப்பறைக்கு ஊற்றுங்கள், வாசலைக் கழுவுங்கள். தென்னைக்கும் வாழைக்கும்கூடத் தொடர்ந்து பாய்ச்ச வேண்டாம். போர்த் தண்ணீர் கடும் உப்பு என்றால், கூரையில் விழும் மழையைப் பிடித்துவைத்துக் கலந்து கொடுங்கள். சினைமாட்டுக்கும் கன்றுக்கும் நல்ல தண்ணீரில் முதல் பங்கு. தொட்டியை மாதம் இரண்டு முறை தேய்த்துக் கழுவி உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் குளோரின் வாசம் வந்தால் ஆபரேட்டரைத் திட்டாதீர்கள். வாசம் வராத நாளில்தான் போய்க் கேட்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தாக வேண்டும். சாக்கடைக்குள் குடிநீர்க் குழாய் போகும் தெருவில் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சாதீர்கள். விரிசல் இருந்தால் சாக்கடையைத்தான் உங்கள் வீட்டுக்கு இழுத்து வருகிறீர்கள்.

மாடு திடீரென்று தடுமாறினால், விழுந்தால், 1962-க்குப் போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நாட்டு மருந்தை வாயில் ஊற்றி நேரம் கடத்த வேண்டாம். மற்ற மாடுகளை அந்தத் தொட்டியிலிருந்து உடனே விலக்குங்கள். பதற்றத்தில் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிடுவார்கள், அதைச் செய்யாதீர்கள்: சுத்தமான இரண்டு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். செத்துவிட்டால் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லி அறிக்கையைக் கையில் வாங்குங்கள், புதைக்கிற அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். ஆற்றுத் தண்ணீரோ பக்கத்துப் பட்டறைக் கழிவோ காரணம் என்று சந்தேகம் இருந்தால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். போனில் சொல்லிவிட்டோம் என்று விட்டுவிட்டால் நாளைக்கு அதற்கு ஆதாரம் இருக்காது. மனு ரசீதை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.